லண்டன் காரை நொறுக்கியவள்

அவள் கையில் சம்மட்டி ஏறிவிட்டால் பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். பழைய கட்டடங்களை இடிக்கிற கூட்டத்தில் மற்றப் பெண்கள் செங்கல் பொறுக்கி அடுக்குவார்கள், கூடை சுமப்பார்கள். சுவரை அடித்துச் சாய்க்கிற வேலை ஆண்களுக்கு. அவளுக்கும். அதனால் பெற்றோர் வைத்த பெயர் தொலைந்துபோய் 'சம்மட்டி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. "சம்மட்டியக்கா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். மரியாதை இல்லாமல் கூப்பிட்டுப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். புருஷன் சரக்கு வேன் ஓட்டியவன். வெளியே யாரிடமாவது திட்டு வாங்கினால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள்மேல் இறக்கி வைப்பான். கன்னத்து எலும்பு ஒருமுறை, விலா ஒருமுறை என்று அவள் உடம்பில் அவன் கைபடாத இடமில்லை. அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள்கூட, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அவளுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தார்கள். ஒருநாள் அவன் பள்ளிக்கூடப் பையோடு நின்ற மகளின் முடியைப் பிடித்து இழுத்தான். கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளுக்குப் பதிலாக வைத்திருந்த இரும்புக் குழாய் அவள் கைக்கு எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. அவன் முழங்கால் சில்லு நொறுங்கியது. நொண்டிக்கொண்டே போனவன் திரும்பி வரவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று அவள் அன்று கற்றுக்கொண்டாள். கற்றதை மறக்கவும் இல்லை.

இடிப்பு மேஸ்திரி அவளுடைய தோளைப் பார்த்தே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் ஓடின. மகள் வளர்ந்து கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குப் போனாள். பார்வைச் சோதனை செய்து மூக்குக்கண்ணாடி எடுத்துக் கொடுக்கிற வேலை. அம்மாவின் சத்தம் மகளிடம் கிடையாது. மெதுவாகப் பேசுவாள், சொன்னதைத் திரும்பச் சொல்ல மாட்டாள்.

அப்படி இருக்கையில்தான் மார்பிள்காரரின் பழைய வீட்டை இடிக்கிற வேலை வந்தது.

அவர் சலவைக்கல் வியாபாரி. கல் அறுக்கும் பட்டறையில் கூலியாக நின்று, பிறகு பட்டறையையே வாங்கியவர். இருந்த வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் மூன்று மடங்கு பெரிதாகக் கட்ட நினைத்தார். வேலையைப் பார்க்க அவர் வந்து இறங்கிய கார்தான் முதலில் எல்லோர் கண்ணிலும் பட்டது. கரும்பச்சை நிறம். நீண்ட முகப்பு. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி இருந்தது, ஓடும்போது நிற்கிற மாதிரி அத்தனை அமைதி. கதவைத் திறந்தால் தோல் வாசனையும் மரத்துக்குப் பூசிய எண்ணெய் வாசனையும் தெருவுக்கே வரும். இங்கிலாந்தில் செய்தது. கூட்டத்தில் எல்லோரும் அதை 'லண்டன் கார்' என்றார்கள்.

மார்பிள்காரர் அதை ஏன் வாங்கினார் என்பதை அவரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மன் கார் இப்போது கடைக்காரன், கந்துவட்டிக்காரன் எல்லோரிடமும் இருக்கிறதாம். ஜப்பான் கார் நம்பி ஏறலாம், ஆனால் அதிலிருந்து இறங்கினால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டானாம். லண்டன் காரில் வந்து இறங்கினால்தான், இவன் தாத்தா காலத்திலிருந்தே பணக்காரன் என்று ஊர் நினைக்குமாம். அவருடைய தாத்தா கல் சுமந்தவர். அதனால் அந்த நினைப்பு அவருக்கு ரொம்பத் தேவைப்பட்டது.

வாங்கும்போதே வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தக் கார்களுக்கு அழகுக்கு ஒரு பேர், பழுதுக்கு ஒரு பேர் என்று இரண்டு பேர் இருக்கிறது என்றார்கள். ஓடுவதற்கு ஒன்று, பட்டறையில் நிற்பதற்கு ஒன்று என்று ஜோடியாக வாங்கினால்தான் சரிப்படும் என்று அவருடைய மைத்துனரே கிண்டல் செய்தார். மார்பிள்காரர் காதில் வாங்கவில்லை.

முதல் நாளே அது தன் குணத்தைக் காட்டியது. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கிளம்பும்போது கார் உயிர் பெறவில்லை. முன்பலகையில் மட்டும் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. தள்ளலாம் என்று மேஸ்திரி ஆட்களைக் கூப்பிட்டார். சம்மட்டியும் வந்து தோள் கொடுத்தாள். சக்கரம் பூட்டிக்கொண்டு அசைய மறுத்தது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்துவிட்டது. மார்பிள்காரர் சிரித்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. தன் டிரைவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஓங்கி அறைந்தார். டிரைவர் நரைத்த மனிதர். கீழே விழுந்த தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, கம்பெனிப் பட்டறைக்குப் போன் செய்தார். சம்மட்டிக்கு அந்தக் கன்னத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவள் சுவருக்குத் திரும்பிப் போய் மாலைவரை நிறுத்தாமல் அடித்தாள்.

அதற்குப் பிறகு கார் பட்டறைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தது. ஒரு வாரம் கியர் விழாது. அடுத்த வாரம் காற்றில் நிற்கிற சஸ்பென்ஷன் இறங்கி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சரிசெய்து அனுப்பினால் மேற்கூரைக் கண்ணாடியில் தண்ணீர் ஒழுகும். பட்டறையில் அந்தக் காரை ஒரே மெக்கானிக்தான் பார்த்தான். பொறுமையான ஆள். ஒவ்வொரு முறையும் தானே ஓட்டிக்கொண்டு வந்து விடுவான். ஓடுகிற நாட்களில் அதைப் போல ஒரு வண்டி உலகத்தில் கிடையாது என்று மேஸ்திரியிடம் பெருமையாகச் சொல்லுவான். ஓடாத நாட்களைப் பற்றி மேஸ்திரி கேட்டால் சிரிப்பான்.

சம்பந்தி வீட்டார் வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. மார்பிள்காரரின் மகளைக் கொடுத்த இடம் நிஜமாகவே பழைய பணக்காரக் குடும்பம். அவர்களை அழைத்துவர லண்டன் கார் போனது. நல்ல மழை. நடுப் பாலத்தில் கார் நின்றது. நின்றதோடு விடாமல், மூச்சுவிட்ட மாதிரி மெல்லக் கீழே இறங்கித் தரையில் உட்கார்ந்தது. ஜன்னல் இறங்கவில்லை. பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்கவில்லை. மேலேயிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சம்பந்தியம்மாளின் தலையில் விழுந்தது. வெளியே குடை பிடித்தவர்கள் போனில் படம் எடுத்தார்கள். கடைசியில் மீன் ஏற்றிவந்த ஆட்டோவில்தான் சம்பந்திகள் அவர் அப்போது குடியிருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.  சம்பந்தி மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்புக்கு மார்பிள்காரர் செத்தே போயிருப்பார். சாகவில்லை, டிரைவரை வாசலில் தள்ளி மிதித்தார். டிரைவர் அன்றோடு வேலையை விட்டுப் போனார்.

வேறு கார் கொடு என்று கம்பெனியோடு சண்டை. கம்பெனி பழுது பார்த்துத் தருகிறோம் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பணிவுதான் அவரை மேலும் எரித்தது. ஒரு மத்தியானம் அவர் இடிக்கிற இடத்துக்கு வந்தபோது சம்மட்டி சமையலறைச் சுவரைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சுவர் மொத்தமாக விழுந்து புழுதி அடங்கும்வரை அவர் நின்று பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

கம்பெனி ஷோரூம் வாசலில் வைத்து, டிவிக்காரர்கள் முன்னால், அந்தக் காரை உடைக்க வேண்டும் என்றார். ஆட்கள் தன்னிடமே நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஆம்பளை உடைத்தால் அது வெறும் செய்தி என்றார்.

"நீ உடைச்சாதான் அவனுங்களுக்கு அவமானம். உங்க வண்டிக்கு ஒரு பொம்பளை அடி போதும்னு ஊரே சிரிக்கணும்."

மேஸ்திரி கண்ணால் வேண்டாம் என்றார். அவர் கார், அவர் உடைக்கச் சொல்கிறார், நமக்கென்ன என்று அவள் கேட்டாள். அது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. இத்தனை வருடமும் அவள் அடித்தது செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அவை ஏற்கெனவே செத்த வீடுகள். பளபளவென்று உயிரோடு நிற்கிற ஒன்றை, தன்னை ஒருநாளும் ஏற்றிக்கொள்ளாத ஒன்றை அடிக்கச் சொல்லி ஒருவர் கேட்டபோது, அவளுடைய உள்ளங்கை அரித்தது.

ஷோரூம் வாசலில் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. இழுவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிய காரை அன்றைக்கென்று துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். மார்பிள்காரர் மைக்கில் தன் குறையைச் சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் டை கட்டிய மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சம்மட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் முன்னால் வந்தாள். முகப்பில் அவள் முகம் தெரிந்தது. அதன்மேல்தான் முதல் அடியை இறக்கினாள்.

அது சுவர் மாதிரி இல்லை. அலுமினியத் தகடு சட்டென்று உள்வாங்கி, கையில் எந்த வலியும் கொடுக்காமல் அடியை விழுங்கியது. கூட்டம் விசில் அடித்தது. இரண்டாவது அடியில் விளக்கு வெடித்துத் தெறித்தது. முன்கண்ணாடி உடையாமல் வலை வலையாக விரிந்து தொங்கியது. பக்கத்துக் கண்ணாடியோ ஒரே அடியில் கற்கண்டாகக் கொட்டியது. எங்கேயோ ஒரு கம்பி உரசி ஹாரன் பிடித்துக்கொண்டது. அந்தக் கார் அலறுகிற மாதிரியே இருந்தது. அலறல் கேட்கக் கேட்க அவளுக்கு வெறி ஏறியது. கன்னத்து எலும்பு உடைந்த அன்று தானும் இப்படித்தான் அலறியிருப்போம் என்று ஒரு நினைப்பு வந்து போனது. அதற்கு மேல் அவளுக்குக் கூட்டம் தெரியவில்லை, கேமரா தெரியவில்லை. கதவு பெயர்ந்து தொங்கியது. உள்ளே மரப்பலகை பிளந்தது. இருக்கையின் தோல் கிழிந்து பஞ்சு வெளியே வந்தது.

அப்போதுதான் பட்டறைப் பக்கமிருந்து அந்த மெக்கானிக் ஓடிவந்தான். பேட்டரியைக் கழற்றாமல் அடித்தால் உள்ளே இருக்கிற காற்றுப்பைகள் வெடித்து யார் முகத்திலாவது பாயும் என்று கத்திக்கொண்டே வந்தான். ஹாரன் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. பேட்டரி பின் டிக்கியில் இருந்தது. அவன் டிக்கியைத் திறக்கக் குனிந்ததும், காரைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று மார்பிள்காரரின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஒருவன் பிடரியில் குத்தினான். இன்னொருவன் வயிற்றில் முழங்காலை ஏற்றினான். "பிடிச்சு அமுக்குடா அவனை" என்று மார்பிள்காரர் மைக்கை இறக்கிவிட்டு, பக்கத்தில் வந்து சொன்னார். அவனை டிக்கி மூடியின் மேல் குப்புறக் கவிழ்த்து அமுக்கினார்கள். அவன் வலதுகை நீண்டு கிடந்தது.

சம்மட்டி பின்பக்கம் வந்திருந்தாள். ஆயுதம் தலைக்கு மேலே இருந்தது. அடி இறங்கியது.

எலும்பு உடைகிற சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். ஹாரனையும் மீறி அதை அவள் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல அங்கிருந்த யாராலும் முடியவில்லை. பட்டறையிலிருந்து மற்ற மெக்கானிக்குகள் ஸ்பேனரும் ஜாக்கிக் கம்பியுமாக வந்தார்கள். மார்பிள்காரரின் ஆட்கள் கட்டையோடு எதிர்த்தார்கள். ஒருவன் பல்லை இழந்தான். ஒருவனுக்கு மண்டை பிளந்தது. ஷோரூமின் பெரிய கண்ணாடி உடைந்து, உள்ளே நின்ற புதுக் கார்களின் மேல் கல் விழுந்தது. சம்மட்டியை யாரோ சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் தோளில் அடித்தார்கள். அவள் விழுந்த இடம் மெக்கானிக் விழுந்து கிடந்த இடம். அவன் முழங்கைக்குக் கீழே கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் கத்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்து கூட்டத்தைத் தடியால் அடித்துக் கலைத்தபோது, மார்பிள்காரர் மைத்துனருடைய ஜப்பான் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் அவர் சொன்னது சுருக்கமான வாக்குமூலம். என் காரை உடைக்கச் சொன்னேன், மனுஷனை உடைக்கச் சொல்லவில்லை. அந்தப் பெண் குணமே அப்படி, புருஷன் காலை உடைத்தவள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற நியாயம்தான். அவர் வெளியே போனார், அவள் உள்ளே போனாள். மேஸ்திரி அலைந்து திரிந்து ஜாமீன் எடுப்பதற்குள் மழைக்காலம் முடிந்திருந்தது. அதற்குள் காரை உடைத்த வீடியோப் படம் ஊரெல்லாம் பரவிவிட்டது. கம்பெனி தன் பேருக்குப் பயந்து மார்பிள்காரரோடு சமாதானம் பேசி, வேறு கார் கொடுத்தது. அதே லண்டன் கார், இந்தமுறை கருநீலம். அவர் வாங்கிக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு அதையே ஏன் என்று மைத்துனர் கேட்டதற்கு, வேறு எதில் போய் இறங்குவது என்று திருப்பிக் கேட்டாராம்.

சிறையில் இருந்தவரை மகள் பார்க்க வரவில்லை. வீட்டுக்கு வந்த அன்று தட்டில் சாப்பாடு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னாள். கண் சம்பந்தப்பட்ட வேலை செய்கிறவள், எதைப் பார்த்தாலும் கூர்ந்து பார்ப்பாள்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி நீ கீழ பார்த்தே. அங்க கை இருக்குன்னு உனக்குத் தெரியும், இல்லம்மா?"

சம்மட்டி சோற்றைப் பிசைந்தாள். பிறகு சொன்னாள். "தெரிஞ்சது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தணும்னு தோணல."

"அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புருஷன் கொடுத்த அடிகளில் எதுவும் சம்மட்டியை அப்படிச் சாய்த்ததில்லை. சோறு பிசைந்த கையோடு, காய்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவள் மெக்கானிக்கின் வீட்டைத் தேடிப் போனாள். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கதவைத் திறந்த அவன் மனைவி ஆளை அடையாளம் கண்டதும், கையிலிருந்த ஈரத்துணியை முறுக்கி முகத்தில் அடித்தாள். பிறகு கையால் அடித்தாள். கை வலித்ததும் செருப்பை எடுத்தாள். சம்மட்டி வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். உதட்டில் ரத்தம் வந்தது. துடைக்கக்கூட இல்லை. அவன்தான் உள்ளேயிருந்து போதும் என்று மனைவியைக் கூப்பிட்டான்.

கையில் தகடு வைத்து ஸ்குரூ போட்டிருந்தார்கள். விரல்கள் பாதிதான் மடங்கின. ஒரு ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க முடியவில்லை, சோற்று உருண்டையைப் பிடிக்க முடியவில்லை. கம்பெனி வைத்தியம் பார்த்தது, ஆனால் பட்டறையில் இனி அவனுக்கு இடமில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள். அதை வைத்து நான் என்ன செய்வது என்று அவன் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேணாம்கா. என்னைப் பிடிச்சு அமுக்கச் சொன்னது யாருன்னு கோர்ட்டுல சொல்லுங்க. நீங்க அடிச்சதையும் சொல்லுங்க. ரெண்டையும் சொல்லணும்."

படத்தில் ஹாரன் சத்தம்தான் இருக்கிறது, மார்பிள்காரர் குரல் தெளிவில்லை. அவர் ஆட்கள் வாய் திறக்க மாட்டார்கள். அடிபட்ட அவனைத் தவிர, பக்கத்தில் இருந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் சரி என்றாள். கிளம்பும்போது, அந்தக் கார் ஒருநாளாவது ஒழுங்காக ஓடியதா என்று ஏனோ கேட்கத் தோன்றியது. கேட்டாள். கடைசியாகப் பழுது பார்த்து நானே ஓட்டிப் பார்த்தேன், தண்ணீர் மேல போகிற மாதிரிப் போச்சு என்று சொல்லி, அவன் முதல்முறையாகக் கண்கலங்கினான்.

அவள் சாட்சி சொல்லப் போகிறாள் என்பது மார்பிள்காரர் காதுக்கு எட்ட நாளாகவில்லை. முதலில் சமாதானம் பேச ஆள் வந்தது. அவள் கதவைச் சாத்தினாள். அடுத்து ஒரு மாலை, தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்திலேயே நாலைந்து பேர் வந்தார்கள். கதவை உதைத்துத் திறந்தார்கள். முதல் அடி அவளுடைய அடிபட்ட தோளில் விழுந்தது. எங்கே அடிக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார்கள். தரையில் போட்டு மிதித்தார்கள். ஒருவன் அவள் வலதுகையை நிலைப்படியில் இழுத்து வைத்து, கணக்குக்குக் கணக்கு என்று சொல்லிக் காலைத் தூக்கினான்.

அவன் மிதிப்பதற்குள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மகள் மூலையில் கிடந்த அம்மாவின் பழைய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு அது கனம். ஆனாலும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். குனிந்திருந்தவனின் பின்மண்டை அவளுக்கு நேர் கீழே இருந்தது. மகளின் முகத்தைச் சம்மட்டி பார்த்தாள். அந்த முகத்தில் தயக்கம் துளியும் இல்லை. தன்னைப் பிடித்திருந்தவனை உதறிக்கொண்டு பாய்ந்து, இறங்கிக்கொண்டிருந்த சம்மட்டியின் காம்பை நடுவில் பிடித்தாள். பிடித்த வேகத்தில் ஏற்கெனவே அடிபட்டிருந்த தோள் முழுவதும் கழன்றது. இரும்பு முனை அவனுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து சிமெண்டைப் பெயர்த்தது. அதை அவள் அப்படியே இழுத்து வாசல் வழியே தெருவில் எறிந்தாள்.

"நீ தொடாதே. என்னை அடிச்சிட்டுப் போகட்டும். நீ தொடாதே."

மகளைத் தன் உடம்புக்கு அடியில் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகில் விழுந்த அடிகளை மகள் ஒவ்வொன்றாக உணர்ந்தாள். தெருவில் போய் விழுந்த இரும்பின் சத்தம் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். பிள்ளைகளின் கிரிக்கெட் மட்டை, சைக்கிள் செயின் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் தப்பினார்கள். மற்றவர்களைத் தெருவே சேர்ந்து துவைத்து எடுத்துப் போலீசில் கொடுத்தது. யார் அனுப்பியது என்று அவர்கள் சொல்ல அதிகம் அடிக்கத் தேவைப்படவில்லை.

கோர்ட்டில் அவள் கட்டுப் போட்ட தோளோடு நின்றாள். மார்பிள்காரர் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள். அவருடைய வக்கீல், அப்படியானால் உங்கள் அடி தவறுதலாக விழுந்தது, இல்லையா என்று வழி காட்டுகிற மாதிரிக் கேட்டார். ஆமாம் என்றால் அவளுக்குத் தண்டனை குறையும், ஆனால் படத்தைக் காட்டி அதைப் பொய் என்று ஆக்கினால் அவளுடைய மற்றச் சொல்லும் பலம் இழக்கும். அவள் மகள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்க்காமல் நீதிபதியைப் பார்த்துச் சொன்னாள்.

"தவறுதலா இல்லைங்க. கை இருக்குறது தெரிஞ்சுதான் அடிச்சேன்."

 மெக்கானிக்கின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மார்பிள்காரருக்கு அதைவிட நீண்ட தண்டனை. மேல்முறையீடு, ஆஸ்பத்திரிப் படுக்கை என்று அதில் பாதியைக் குறைத்துக்கொண்டார் என்றாலும், உள்ளே இருந்த நாட்களில் சம்பந்தி வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கருநீலக் காரை அவர் மகன் ஓட்டினான். அது எங்கே போய் நின்றாலும் இன்னமும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பழுதுக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பேர் இரண்டுக்கும் ஒரு குறையும் வரவில்லை.

மெக்கானிக் இடதுகையால் எழுதப் பழகி, உதிரிப் பாகக் கடை ஒன்றில் கவுண்டரில் உட்கார்ந்தான். ஒரு வண்டியின் சத்தத்தைக் கேட்டமாத்திரத்தில் எந்தப் பாகம் போயிருக்கும் என்று சொல்வான், கழற்றிப் போட மட்டும் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வான். நஷ்டஈட்டு வழக்கு மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சம்மட்டி வெளியே வந்தபோது வலதுகையைத் தலைக்கு மேலே தூக்க முடியாதபடி தோள் ஆகிவிட்டிருந்தது. மேஸ்திரி அவளை விடவில்லை. எந்தச் சுவரை முதலில் தட்ட வேண்டும், எது தானாக விழும், ஆட்கள் எங்கே நிற்கக்கூடாது என்று பார்த்துச் சொல்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார். படத்தைப் பார்த்தவர்கள் இடையிடையே தேடி வந்தார்கள். ஒருவர் தன் தம்பியின் கடையை உடைக்க வேண்டும் என்றார். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் போங்க தம்பி என்று அனுப்பிவைத்தாள்.

மகள் அவளோடுதான் இருக்கிறாள். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது மட்டும் மகள் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பாள், அம்மா வலி தாங்காமல் திட்டுவாள்.

சில மாதங்களுக்கு முன் பஸ் நிறுத்தத்தில் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தாள். இருவரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பஸ் வந்ததும் சம்மட்டி ஒதுங்கி வழிவிட்டாள். அந்தப் பெண் ஏறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீ போ, நான் அடுத்ததில் வருகிறேன் என்பதுபோல நின்றாள். வற்புறுத்தச் சம்மட்டிக்கு என்ன உரிமை இருக்கிறது? இடதுகையால் கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே போய் நின்றுகொண்டாள். அன்று ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை இடித்து இறக்க வேண்டியிருந்தது.